வெள்ளிப்பேட்டை வங்கியின் கன்மேன்

திண்டிவனத்து மாதா கோயிலில் புதன்கிழமை சாயங்காலம் சகாய மாதா நவநாள் ஜெபம். வாசலில் ஒரு மரப்பெட்டி இருக்கும். வேண்டுதல் இருப்பவர்கள் வேண்டுதலையும், கிடைத்தவர்கள் நன்றியையும் துண்டுச் சீட்டில் எழுதி அதில் போடுவார்கள். ஜெபம் நடத்துகிற உபதேசியார் ஒவ்வொன்றாக எடுத்து மைக்கில் வாசிப்பார். மாடு கன்று போட்டதிலிருந்து மகளுக்கு விசா வந்தது வரைக்கும் ஊரே கேட்கும். லூசியா வாரத்துக்கு ஒரு சீட்டாவது போட்டுவிடுவாள். அவள் புருஷன் சவுரிராயன்தான் ரெண்டு வருஷமாக ஒன்றும் போட்டதில்லை. நன்றி இல்லாமலா? நெஞ்சு முட்ட இருந்தது. ஆனால் எழுத வலது கை வேண்டும். எழுதினாலும் எதற்கு நன்றி என்று எப்படிச் சொல்வது? ஐம்பத்தொரு வயசு மனுஷன், கம்ப்யூட்டர் விளையாட்டில் ஒரு வங்கிக்குக் கன்மேன் வேலை கிடைத்ததற்காக மாதாவுக்கு நன்றி என்று எழுதினால், உபதேசியார் வாசித்து முடிப்பதற்குள் கோயில் சிரித்துவிடாதா?

சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். அவர் கதையைக் கேட்டுவிட்டுச் சிரிக்கட்டும்.

சவுரிராயன் ராணுவத்தில் பதினேழு வருஷம். குறி பார்த்துச் சுடுவதில் அவர் கம்பெனியில் அவரை மிஞ்ச ஆளில்லை. பென்ஷனோடு வந்த பிறகு விழுப்புரத்தில் ஒரு வங்கியில் கன்மேன். ஒன்பது வருஷம், தினம் காலையில் திண்டிவனத்திலிருந்து ரயில், சாயங்காலம் அதே ரயிலில் திரும்பல். அந்த ஒன்பது வருஷத்தில் ஒரு தோட்டாகூட அவர் சுட்டதில்லை. அதுதான் நல்ல கன்மேனுக்கு அழகு என்பார். பிறகு ஒரு நாள் காலை, முகச்சவரம் செய்துகொண்டிருக்கும்போது ஸ்ட்ரோக். உயிர் பிழைத்தது, கால் பிழைத்தது. பேச்சு கொஞ்சம் தடித்துப்போனது. வலது கை மட்டும் நடுக்கத்தை விடவில்லை. டம்ளரைத் தூக்கினால் பாதி டீ வேட்டிக்குத்தான்.

கை நடுங்குகிறவனிடம் எந்த வங்கி துப்பாக்கியைக் கொடுத்து வைக்கும்? அவர்கள் மரியாதையாகத்தான் சொன்னார்கள். அவரும் மரியாதையாகத்தான் கேட்டுக்கொண்டார். கடைசி நாள் இரட்டைக் குழல் துப்பாக்கியைத் திறந்து, உள்ளே இருந்த ரெண்டு தோட்டாவை எடுத்து, பெல்ட்டில் இருந்த பத்தோடு சேர்த்து, மேஜைமேல் பன்னிரண்டையும் நிற்கவைத்துக் காட்டிவிட்டு வீட்டுக்கு வந்தார். வந்தவர் மூன்று மாதம் யாரோடும் பேசவில்லை.

விரலுக்குப் பயிற்சி வேண்டும், மவுஸைப் பிடித்து உருட்டுங்கள் என்று பிசியோதெரபி டாக்டர் சொன்னதால் பழைய கம்ப்யூட்டர் ஒன்று வீட்டுக்கு வந்தது. சீட்டாட்டம் ரெண்டு நாளில் புளித்துப்போனது. தேடிக்கொண்டே போனதில் வெள்ளிப்பேட்டையில் போய் விழுந்தார்.

வெள்ளிப்பேட்டை மேப்பில் கிடையாது. இன்டர்நெட்டில் நூறு பேர் சேர்ந்து வாழ்கிற ஊர். அங்கே யாரும் ஜெயிப்பதற்காக ஆடுவதில்லை. ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு அந்த ஆளாகவே இருப்பார்கள். ஒருத்தர் ஆட்டோ ஓட்டுவார், ஒருத்தர் டீக்கடை போடுவார், ஒருத்தர் திருடுவார். பேச்செல்லாம் மைக்கில். கையால் செய்கிற நுணுக்கமான காரியத்தை ஒரு வரியாக டைப் செய்தால் அது தலைக்குமேல் எழுத்தாகத் தெரியும். உள்ளே வருவதற்கு முன்னால், நீ யார், என்ன வயசு, என்ன தெரியும் என்று குறிப்பு எழுதிக் கொடுக்க வேண்டும்.

சட்டம் ரெண்டுதான், ஆனால் கறார். குறிப்பில் என்ன எழுதினாயோ அவ்வளவுதான் உனக்குத் தெரிய வேண்டும். கீரை விற்கிறவன் திடீரென்று துப்பாக்கியைத் தூக்கி நாலு பேரை நெற்றிப்பொட்டில் சுடக் கூடாது. சுட்டால் வேஷம் போய்விடும். அதே மாதிரி, நெஞ்சுக்கு நேரே துப்பாக்கி நீட்டப்பட்டால் பயந்தே ஆக வேண்டும். நிஜ உயிரா போகிறது என்று துள்ளினால் அதற்கும் வேஷம் போய்விடும்.

சவுரிராயன் எழுதிய குறிப்பு இதுதான்: பெயர் அப்பாதுரை. வயது ஐம்பத்தொன்று. ராணுவத்தில் பதினேழு வருடம். வங்கிக் காவலர். குறி தவறாதவர்.

பெயரைத் தவிர எல்லாம் அவர் வாழ்க்கைதான். கையைப் பற்றி மட்டும் எழுதவில்லை.

வேலை கிடைத்தது. திரையில் காக்கிச் சட்டை, தோளில் இரட்டைக் குழல். வங்கிக்குள் நுழைகிற ஒவ்வொருவரும் வணக்கம் சார் என்றார்கள். சாப்பிட்டாச்சா சார் என்றார்கள். கையைப் பார்க்காமல், நேரே முகத்தைப் பார்த்துப் பேசுகிற மனிதர்களைக் கண்டு அவருக்குப் பல மாதம் ஆகியிருந்தது. முதல் நாள் அந்தக் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தபடியே அழுதார். லூசியா பயந்துபோய் ஓடி வந்தாள். ஒன்றுமில்லை, டூட்டி முடிந்தது என்றார்.

வெள்ளிப்பேட்டை வங்கி நாலரைக்கு மூடும். சரியாக நாலரைக்கு அவர் இடது கையால் ஒவ்வோர் எழுத்தாகத் தட்டுவார்: குழலைத் திறக்கிறேன். ரெண்டு தோட்டாவை எடுக்கிறேன். பெல்ட்டோடு சேர்த்து எண்ணுகிறேன். பன்னிரண்டு. விளையாட்டிலும் அதற்குரிய பட்டனை அமுக்கி நிஜமாகவே தோட்டாவை இறக்கிவிடுவார். தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பது சும்மாவா? வெள்ளிப்பேட்டையில் வேறு எவனும் இதைச் செய்ததில்லை. அணைத்துவிட்டுப் போகிற ஆட்டத்தில் தோட்டாவை எதற்கு இறக்குவது? கேஷியர் கவுன்ட்டரில் இருக்கும் சகாய பிரியா மட்டும் தினமும், சரிங்க சார், பன்னெண்டு என்று பதில் சொல்லிவிடுவாள். விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் லேப் அசிஸ்டென்டாக இருக்கிற பெண். கேஷியர் வேஷம் விளையாட்டுக்கு. உண்மையில் அந்த ஊரின் அட்மினே அவள்தான். யாருக்கு எந்த வேஷம் என்று முடிவு செய்கிறவளும் அவள்தான்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கடைத்தெருவில் நகையைப் பறித்துக்கொண்டு ஒருவன் ஓடிவந்தான். அப்பாதுரை சார், சுடுங்க என்று நாலு பேர் கத்தினார்கள். பத்தடி தூரம். சவுரிராயன் மவுஸைப் பிடித்தார். நடுவில் ஒரு தடவை திரும்ப நிரப்பி, நாலு தோட்டா. ஒன்று இளநீர் வண்டியில், ஒன்று தண்ணீர்த் தொட்டியில், மூன்றாவது டீக்கடை போர்டில், நாலாவது எங்கே போனது என்று இன்றைக்கும் தெரியாது. திருடன் ஓடுவதை நிறுத்திவிட்டு நின்று சிரித்தான்.

மறுநாளே புகார். போட்டவன் புகழேந்தி. விழுப்புரத்தில் மல்லாட்டை மண்டியில் வேர்க்கடலை மூட்டை எடை போடுகிற வேலை. கால் கிலோ கூடினாலும் குறைந்தாலும் மூட்டையைத் திரும்ப ஏற்றுகிறவன். ஊரில் அவன் வேஷம் ரவுடி. ஆனால் சட்டம் பேசுவதில் வக்கீல். எல்லோரும் கூடியிருந்த மைக் அறையில் அவன் சொன்னது நியாயமாகத்தான் இருந்தது. பதினேழு வருஷம் மிலிட்டரி, குறி தவறாதவர் என்று குறிப்பில் இருக்கிறது. பத்தடியில் நாலு தோட்டாவும் தவறுகிறது. கீரைக்காரன் கமாண்டோ ஆகக் கூடாது என்றால், கமாண்டோ மட்டும் கீரைக்காரன் ஆகலாமா? வேஷத்துக்கு ஏற்ற கை இல்லையென்றால் வேஷத்தை விட்டுவிட வேண்டியதுதானே என்றான்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு சகாய பிரியா தயங்கித் தயங்கி ஒன்று கேட்டாள். "சார், தப்பா எடுத்துக்காதீங்க. பேச்சுகூட கொஞ்சம் கொழகொழன்னு இருக்குது. நீங்க குடிச்சிட்டு ஆடறீங்களா?"

மிலிட்டரி கேன்டீன் பாட்டிலை வாங்கி வந்தாலும் வாசனைகூடப் பார்க்காமல் மச்சானுக்குக் கொடுத்துவிடுகிற ஆள் சவுரிராயன்.

"கொஞ்சம்" என்றார்.

அடுப்படியில் கேப்பை மாவைக் கிளறிக்கொண்டிருந்த லூசியாவின் கை நின்றது. இந்த மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போச்சா என்று அவள் நினைத்ததில் தப்பே இல்லை. நோயாளி என்று தெரிவதைவிடக் குடிகாரன் என்று தெரிவதே மேல் என்று ஒருத்தர் நினைத்தால் வேறு என்ன சொல்வது?

சகாய பிரியா தீர்ப்புச் சொன்னாள். ஒரு வாரம் அவகாசம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் துப்பாக்கிப் பயிற்சி மைதானத்தில் சோதனை. அஞ்சு குறியில் மூன்றை அடித்தால் அப்பாதுரை கன்மேனாகவே இருக்கலாம். இல்லாவிட்டால் துப்பாக்கியும் காக்கிச் சட்டையும் போய்விடும். வேறு ஏதாவது வேஷம் எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்த வாரம் முழுக்க அவர் பயிற்சி செய்தார். வலது கையால் பிடித்தால் புள்ளி திரையெங்கும் தாண்டவமாடியது. இடது கைக்கு மாற்றினால் கையே பேச்சுக் கேட்கவில்லை. முழங்கையைத் தலையணையில் ஊன்றிப் பார்த்தார், மணிக்கட்டைத் துண்டால் மேஜையோடு கட்டிப் பார்த்தார். அஞ்சில் ஒன்று. எப்போதாவது ரெண்டு. அந்த ரெண்டாவதும் அவர் அடித்தது இல்லை, தானாகப் பட்டது.

வியாழக்கிழமை லூசியா பொறுக்க மாட்டாமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். பெருமுக்கல் பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர் அவள். இருநூறு பிள்ளைகளைச் சமாளித்துவிட்டு பஸ் பிடித்து வந்த களைப்பு முகத்தில் இருந்தது.

"உடம்பு சரியில்லாம போச்சு, கை நடுங்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா என்னாங்க? அவங்களும் மனுஷங்கதான?"

"சொன்னா பாவம்னு வச்சிக்குவாங்க. சோதனையும் வாணாம், சும்மா இருங்கன்னுவாங்க" என்றார். மணிக்கட்டுத் துண்டை இன்னொரு சுற்று இறுக்கிக்கொண்டே சொன்னார். "இங்க நான் என்னாவா இருக்கேன்னு எனக்குத் தெரியும். அங்கியாச்சும் நல்லா இருந்துட்டுப் போறேன் லூசியா."

மணிக்கட்டில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து, இரத்தம் கட்டியிருந்த இடத்தில் எண்ணெய் தடவிவிட்டாள்.

சனிக்கிழமை வந்தது. இதுதான் கடைசி டூட்டி என்று அவருக்குத் தெரியும். மூன்று மணிக்கே போய் வங்கி வாசலில் நின்றார். வந்தவர்கள் எல்லோருக்கும் வணக்கம் சொன்னார். நாலரை ஆனது. குழலைத் திறந்தார், தோட்டாவை இறக்கினார், எண்ணினார். சரிங்க சார், பன்னெண்டு என்றாள் சகாய பிரியா. அவள் குரலிலும் ஒரு வருத்தம் இருந்தது. ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. உள்ளே அவளும், பணம் போட வந்த ஒரு அம்மாவும் மட்டும்.

பாதி ஷட்டருக்குக் கீழே குனிந்து ஒருவன் உள்ளே வந்தான். முகத்தில் கைக்குட்டை, கையில் பிஸ்டல். புகழேந்தியேதான். மூடுகிற நேரத்தில் கொள்ளையடித்தால் சுலபம் என்று ஒரு மாதமாகப் போட்ட திட்டமாம். யாரும் அசையக் கூடாது என்றான்.

சவுரிராயனுக்குத் தன் நிலைமை தெரியும். துப்பாக்கி காலி. திரும்பத் தோட்டா போட அவர் கைக்கு அரை நிமிஷம் ஆகும். அரை நிமிஷத்தில் கதை முடிந்துவிடும். துப்பாக்கியைக் கீழே போட்டுவிட்டுக் கையைத் தூக்கியிருக்கலாம். காலித் துப்பாக்கிக்காரன் அப்படிச் செய்வதும் முறைதான். ஆனால் அவர் உடம்புக்குள் இருபத்தாறு வருஷம் இருந்த ஒருவன் அதற்கு முன்பே எழுந்து நின்றுவிட்டான். இரட்டைக் குழல் மெதுவாக உயர்ந்தது. இடது கை ஒவ்வோர் எழுத்தாகத் தட்டியது: இடது காலை முன்னால் வைக்கிறேன். குழல் அவன் நெஞ்சுக்கு நேராக. விரல் இன்னும் விசைக்கு வெளியே. அவர் திரையில் அந்தப் புள்ளி புகழேந்தியின் நெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவே தள்ளாடிக்கொண்டிருந்தது. நல்லவேளை, அது அவர் கண்ணுக்கு மட்டும்தான் தெரியும்.

பிறகு பேசினார். அவசரமே இல்லாத, தடித்த அதே குரல்.

"தம்பி, ஒனக்குப் பின்னாடி ஒரு அம்மா நிக்கிறாங்க. அதனாலதான் இன்னும் சுடலை. அவங்க ரெண்டடி நவுந்துட்டா எனக்கு வேற வழி கிடையாது. அதுக்குள்ள பிஸ்டலை தரையில வச்சிடு. மெதுவா வையி, ஜல்தி ஒண்ணும் இல்ல."

இந்த இடத்தில் புகழேந்தியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். எதிரே நிற்கிறவர் பத்தடியில் யானையைக்கூட அடிக்க மாட்டார் என்று அந்த ஊரிலேயே அதிகமாகத் தெரிந்தவன் அவன்தான். ஒரு தட்டுத் தட்டினால் கன்மேன் காலி, வங்கி அவனுடையது. ஆனால் அது புகழேந்திக்குத் தெரிந்தது. அவன் போட்டிருந்த ரவுடி வேஷத்துக்குத் தெரியாது. அந்த ரவுடிக்குத் தெரிந்ததெல்லாம் மிலிட்டரிக்காரன் ஒருவன் நெஞ்சுக்கு நேரே ரெண்டு குழலை நீட்டிக்கொண்டு நிதானமாகப் பேசுகிறான் என்பதுதான். சட்டம் பேசுகிறவன் தனக்கென்று வரும்போது எடைக்கல்லை மாற்றுவான் என்பார்கள். புகழேந்தி மாற்றவில்லை. கை உதறுகிறது என்று ஒரு வரி டைப் செய்தான். பிஸ்டலை மெதுவாகத் தரையில் வைத்தான். முட்டி போட்டான்.

போலீஸ் வேஷக்காரர்கள் வந்து அவனைக் கூட்டிக்கொண்டு போக இருந்தார்கள். சவுரிராயன் அதோடு விட்டிருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனால் சம்பவம் முடிந்தால் ஆயுதத்தைத் திறந்து காட்ட வேண்டும்; அதுதான் முறை. அவர் டைப் செய்தார்: குழலைத் திறந்து கேஷியரிடம் காட்டுகிறேன். தோட்டா இல்லை. பெல்ட்டில் பன்னிரண்டு.

முட்டி போட்டிருந்த புகழேந்தி வேஷத்தை மறந்து, சொந்தக் குரலில் அடப்பாவி மனுஷா என்றான். சகாய பிரியா பதிவைத் திருப்பிப் பார்த்தாள். நாலரைக்குத் தோட்டா இறக்கியது அதில் இருந்தது. ஆட்டத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு, சார், காலித் துப்பாக்கின்னு தெரிஞ்சுமா நின்னீங்க என்று கேட்டாள்.

டூட்டி முடிந்தால் இறக்கிவிட வேண்டும், வங்கியில் அதுதான் வழக்கம் என்றார் அவர். எந்த வங்கியில் என்று அவள் கேட்டாள். விழுப்புரத்தில், ஒன்பது வருஷம் என்றார். அப்போதுதான் அவருக்கே புரிந்தது, இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று. மறைக்க வேண்டும் என்றும் தோன்றவில்லை. ஒருத்தன் ஜெயிக்கக்கூடிய ஆட்டத்தை அவருக்காகக் கீழே வைத்திருக்கிறான். அவனிடம் பொய்யை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போக அவரால் முடியாது.

"அன்னிக்கு கொஞ்சம்னு சொன்னேன் இல்லம்மா, அது பொய்யி. நான் குடிக்கிறவன் கெடையாது. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி ஸ்ட்ரோக் வந்துச்சு. கை நிக்காது. குறிப்புல எழுதினது மத்ததெல்லாம் நெசம்."

யாரும் பாவம் என்று சொல்லவில்லை. அதுதான் அவர் காலத்துக்கும் மறக்காதது. புகழேந்தி, அப்ப குறிப்பைத்தான் மாத்தணும், ஆளை இல்ல என்றான். எடைக்காரனுக்குக் கடைசி வரைக்கும் எடை சரியாக இருக்க வேண்டும். சகாய பிரியா அவர் குறிப்பைத் திறந்து அவர் பக்கமே தள்ளினாள். நீங்களே எழுதுங்க சார், நாளைக்குச் சோதனை இல்லை என்றாள்.

லூசியா பின்னால் வந்து நின்றுகொண்டிருந்தாள். சவுரிராயன் 'குறி தவறாதவர்' என்பதை அழித்தார். யோசித்தார். பிறகு எழுதினார்: குறி தவறும். எண்ணிக்கை தவறாது.

முதல் ஆளாகச் சரி என்று போட்டவன் புகழேந்தி.

அடுத்த புதன்கிழமை நவநாளுக்கு சவுரிராயன் சீட்டு எழுதினார். வலது கையால்தான். முக்கால் மணி நேரம் ஆனது. எழுத்து மழையில் நனைந்த கோழி மாதிரி நாலு பக்கமும் சிதறிக் கிடந்தது. உபதேசியார் கண்ணாடியை ஏற்றி ஏற்றிப் போட்டுக்கொண்டு, ஒவ்வொரு வார்த்தையாகப் பொறுக்கி வாசித்தார். வெள்ளிப்பேட்டை வங்கியில் எனக்கு மறுபடியும் வேலை கொடுத்த கேஷியர் அம்மாவுக்காகவும், அங்கே கொள்ளையடிக்க வந்து நேர்மையாக நடந்துகொண்ட தம்பிக்காகவும், எண்ணெய் தடவிய கைக்காகவும் நன்றி தாயே. இப்படிக்கு அ. சவுரிராயன்.

கொள்ளையடிக்க என்பதை உபதேசியார் ரெண்டு தடவை வாசித்துச் சரிபார்த்தார். கோயில் மொத்தமும் திரும்பிப் பார்த்தது. சவுரிராயன் நேரே பீடத்தைப் பார்த்துக்கொண்டு, தோள் விறைக்க உட்கார்ந்திருந்தார். வலது கையை ஒளிக்காமல் முன் பெஞ்சின்மேல் வைத்திருந்தார். அது பாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது.

வெளியே செருப்பு மாட்டும்போது எதிர்வீட்டு முனியம்மாள் லூசியாவைப் பிடித்துக்கொண்டாள். திருவிழாவுக்கும் நவநாளுக்கும் எந்தச் சாமி என்று பார்க்காமல் வந்து போகிறவள் அவள். வெள்ளிப்பேட்டை என்று ஒரு ஊரைக் கேள்விப்பட்டதே இல்லையே, எந்தப் பக்கம், மண்டகப்பட்டு தாண்டியா, நானும் ஒரு பாஸ்புக் போடலாமா என்று கேட்டாள்.

லூசியா புருஷனைப் பார்த்தாள். அவர் படியிறங்கிப் போய்க்கொண்டிருந்தார். வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அந்தக் கம்ப்யூட்டரைத் திட்டாத நாள் கிடையாது அவளுக்கு.

"கிட்டத்தான் இருக்குது, போடலாங்க்கா" என்றாள். "ஆனா நாலரைக்கெல்லாம் மூடிடுவாரு."